மூன்றாவது பதில்

பொது இயந்திர வாரியத்தில் யாரும் யாரையும் திட்டியதில்லை. குரலை உயர்த்தியதில்லை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னதும் இல்லை. அவ்வளவு மரியாதையான இடம். அந்த மரியாதையை வைத்தே ஒரு மனிதரை நடைப்பிணமாக்கிவிட முடியும் என்பதைக் கமுக்கம் தன் அக்கா வீட்டில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமுக்கம் என்பது அலுவலகம் வைத்த பெயர். கேட்டால் ஒழியப் பேச மாட்டாள். கேட்டாலும் பாதிதான் பேசுவாள். வாரியத்தில் கெர்னல் கட்டும் பொறியாளர் வேலை அவளுடையது. அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் அவளுடைய அக்காள் கணவர். இந்த உறவு அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவளாகச் சொல்லவில்லை, அவர்களாகக் கேட்கவில்லை.

நகரத்தின் தண்ணீர் மோட்டார் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி இருக்கும். தொட்டி வற்றினால் மோட்டாரை ஓட்டுவதும் நிரம்பினால் நிறுத்துவதும் அதன் வேலை. அந்தப் பெட்டிகளைத் தயாரித்துக் கொடுப்பது வாரியத்தின் வேலை. பெட்டிக்குள் கெர்னல் என்று ஒன்று உண்டு. மின்சாரம் வந்ததும் முதலில் கண் விழிப்பது அதுதான். கடிகாரம் எங்கே, மெமரி கார்டு எங்கே, மோட்டார் எங்கே என்று மற்றவற்றைத் தட்டி எழுப்புவதும் அதுதான்.

இந்தக் கெர்னலைக் கட்டும்போது அது கேள்வி கேட்கும். இந்த வசதி வேண்டுமா, அந்த வசதி வேண்டுமா என்று ஆயிரக்கணக்கில் கேட்கும். மற்ற இடங்களில் பொறியாளர் உட்கார்ந்து பதில் சொல்லி முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போவார். வாரியத்தில் அதற்கென்று தெரிவுக் குழு இருந்தது. ஒரு தலைவர். தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பல வருடங்களாகத் தலைவரின் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு செயலர். அப்புறம் பாதுகாப்பு ஆலோசகர் ஒருவர். அவர் எதைப் பாதுகாத்தார் என்று யாருக்கும் தெரியாது. இந்த மூவரும் கூடித் தீர்மானிக்காமல் எந்தக் கேள்விக்கும் எவரும் பதில் சொல்லக் கூடாது.

அத்தான் ஒருநாள் சொல்லிவிட்டார்.

கடும் கோடை. மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. கெர்னலில் ஒரே ஒரு வசதியைச் சேர்த்தால் சரியாகிவிடும். தலைவர் வெளியூரில் இருந்தார். தலைவர் இல்லாமல் எப்படி என்றார் செயலர். செயலருக்கு மேல் நான் என்ன சொல்ல என்றார் ஆலோசகர். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன். அத்தான் கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு அந்தக் கேள்விக்குத் தானே ‘ஆம்’ என்று பதில் கொடுத்து, கெர்னலைக் கட்டிப் பெட்டிகளில் ஏற்றினார். பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்காக வாரியத்துக்கு ஒரு விருது வந்தது. அதைத் தலைவர் வாங்கிக்கொண்டார். அத்தானுக்கு விசாரணை வந்தது.

“தண்ணி வந்துச்சா வரலையாங்கிறது இந்த விசாரணையோட எல்லைக்குள்ள வராது,” என்றார் தலைவர். “தண்ணி இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும், மறுபடி வரும். நடைமுறை அப்படி இல்ல. ஒரு தடவ போச்சுன்னா போனதுதான். ‘ஆம்’னு சொன்னது யாரு? அதுதான் கேள்வி.”

அத்தானை நீக்கினார்கள். அதோடு ஒரு விதியும் வந்தது: குழுவின் முன் அனுமதியின்றி ‘ஆம்’ என்று சொல்கிறவர், அவர் எந்தப் பதவியில் இருந்தாலும், விசாரித்து நீக்கப்படுவார். ‘எந்தப் பதவியில் இருந்தாலும்’ என்பதைத் தலைவரே தன் கையால் சேர்த்தார். கம்பீரமாக இருக்கும் என்று நினைத்தார்.

அதிலிருந்து வாரியத்தில் அந்தச் சொல்லே வழக்கொழிந்தது. டீ கொண்டுவருகிறவர் “சர்க்கரை போடவா சார்?” என்று கேட்டால் “ஆட்சேபணை இல்லை” என்பார்கள்.

அத்தான் இப்போது ஒரு கடை முகப்பில் மேசை போட்டு செல்போன் பழுது பார்க்கிறார். கை இன்னும் வேலை செய்கிறது. மனுஷன்தான் நின்றுவிட்டார். வீட்டில் மின்விசிறியைப் போடுவதற்குக்கூட “போடலாமா?” என்று அக்காவிடம் கேட்பார். “உங்க வீட்டு ஃபேன்தானே, போடுங்க,” என்றால், போடாமல் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பசிக்கிறதா என்றால் “பாத்துக்கலாம்” என்பார். அக்கா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை ஓங்கி வைப்பாள். சத்தம் வாரியம் வரைக்கும் கேட்கவில்லை.

இப்படி இருக்கையில் பழைய சிப்பை உற்பத்தி செய்வதை நிறுத்திவிட்டார்கள். இனி வரும் பெட்டிகளில் வேறு ஜாதி சிப்தான். சிப் மாறினால் கெர்னலை அடியிலிருந்து புதிதாகக் கட்ட வேண்டும். எல்லாக் கேள்விகளும் மறுபடி வரும். தெரிவுக் குழு கூடியது.

முதல் கூட்டத்தில் கமுக்கம் எழுந்து நின்று விளக்கினாள்.

“மூணு பதில் இருக்கு சார். ‘ஆம்’னா அந்த வசதி கெர்னலுக்குள்ளயே சேந்துடும். ‘இல்லை’ன்னா சேராது. மூணாவது ஒண்ணு இருக்கு. அந்த வசதி தனித் துண்டா மெமரி கார்டுல கிடக்கும். தேவைப்படும்போது கெர்னல் போய் எடுத்துக்கும்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “தேவைப்படும்போதா?”

“ஆமா சார்.”

செயலரின் பேனா நின்றது. தலைவர் பெருந்தன்மையாகக் கையைக் காட்டினார். “புதுசு. அந்த வார்த்தை பழகிப் போயிருக்கும். பரவால்ல.” பிறகு மற்ற இருவரையும் பார்த்தார். “இப்படி ஒரு பதில் இருக்குன்னு நமக்கு ஏன் இத்தன வருஷமா யாரும் சொல்லல? ‘ஆம்’னு சொன்னா நாளைக்கு ஒருத்தன் ஏன்னு கேப்பான். ‘இல்லை’ன்னு சொன்னாலும் ஏன்னு கேப்பான். தேவைப்படும்போதுன்னு சொன்னா யாருக்குத் தேவைன்னுதானே கேக்கணும்? அந்தக் கேள்வி நம்ம பக்கம் வராது பாருங்க.”

ஆலோசகருக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்த வாரியத்துக்காகவே செஞ்ச பதில் மாதிரி இருக்கு சார்.”

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் மூன்றாவது பதில். நெட்வொர்க் வேண்டுமா? தேவைப்படும்போது. மோட்டாரோடு பேசுகிற துண்டு வேண்டுமா? தேவைப்படும்போது. கமுக்கம் கேள்வியை வாசிக்க, தலைவர் தலையை ஆட்ட, செயலர் எழுத, வேலை வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவது பதிலுக்கு இடமில்லாத சில கேள்விகளில்தான் சிக்கல்.

வாட்ச்டாக் என்று ஒரு வசதி. குறிப்பில் தாய்மொழிச் சொல்தான் வர வேண்டும் என்பது செயலரின் பிடிவாதம். அதனால் கமுக்கம் ‘காவல் நாய் வேண்டுமா’ என்று வாசித்தாள்.

“கடிச்சா யார் பொறுப்பு?” என்றார் ஆலோசகர்.

“நாய் இல்ல சார், ஒரு கடிகாரம். கெர்னல் அப்பப்ப அதைத் தட்டிக் கொடுத்துக்கிட்டே இருக்கணும். கெர்னல் மயங்கிப் போய்த் தட்டலைன்னா, அது பெட்டிய மறுபடி துவக்கிடும்.”

“யாரைக் கேட்டு?”

“யாரையும் கேக்காது சார்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “யாரையும் கேக்காம முடிவெடுக்கிற ஒண்ண நாமளே கூப்பிட்டு உள்ள உக்கார வைக்கணுமா?” என்றார் தலைவர். நாய் வெளியே போனது.

அடுத்தது பீதி. மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கெர்னல் கையை விரித்துவிடும் நிலைக்கு அப்படித்தான் பெயர். பீதி வந்தால் எத்தனை நொடி கழித்துப் பெட்டி தன்னைத்தானே மறுபடி துவக்க வேண்டும் என்பது கேள்வி.

“பீதிக்கு நேரம் ஒதுக்குற வழக்கம் நம்மகிட்ட இல்ல,” என்றார் தலைவர். “பூஜ்யம்னு போடுங்க.”

“சார், இதுல பூஜ்யம்னா உடனேன்னு அர்த்தம் இல்ல. எப்பவுமே துவக்காதேன்னு அர்த்தம். அப்படியே உறைஞ்சு நின்னுடும்.”

“நிக்கட்டும்மா. பதறாம நிக்கிறது நல்ல குணம்.”

இதுவரை கமுக்கத்துக்கு எரிச்சல்தான் இருந்தது, கோபம் இல்லை. மெமரி கார்டைப் படிக்கத் தெரிந்த துண்டின் முறை வந்தபோது அவள் காகிதங்களைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“சார், இது ஒண்ணு மட்டும் ‘ஆம்’னே இருக்கணும். மத்த துண்டெல்லாம் கார்டுலதான் கிடக்கு. கார்டைப் படிக்கத் தெரிஞ்சாத்தான் அதையெல்லாம் எடுக்க முடியும். படிக்கத் தெரிஞ்ச துண்டையும் கார்டுலயே போட்டா, பெட்டிச் சாவியப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டின கதைதான். கெர்னல் கண்ணு முழிக்கும், ஒண்ணும் கிடைக்காது, பீதியாகி நின்னுடும். மோட்டார் ஓடாது.”

“வேற வழியே இல்லையா?”

“இருக்கு சார். கார்டு இல்லாம, பெட்டியோட சொந்த நினைவகத்துல முதல்ல ஒரு தற்காலிக ஏற்பாடு பண்ணி, அதுல இந்தத் துண்ட வச்சு…”

“தற்காலிகமா?” செயலர் நிமிர்ந்தார். “அந்தச் சொல் குறிப்புல வந்தா தணிக்கைக்காரங்க வருவாங்க. எப்ப நிரந்தரமாகும்னு கேப்பாங்க.”

“அப்ப ‘ஆம்’ போடணும் சார். ஒரே ஒரு ‘ஆம்’.”

தலைவர் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் பிடித்த கதை ஒன்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

“ஒரே ஒரு ‘ஆம்’தானேன்னு ஆரம்பிச்ச ஒருத்தன் இங்க இருந்தான்மா. உன் நாற்காலியிலதான். நல்லா வேலை தெரிஞ்ச ஆளு. அதுதான் அவனுக்கு எமன். வேலை தெரிஞ்சவனுக்குக் கேக்கணும்னே தோணாது. இப்ப எங்கயோ தெருவுல உக்காந்து செல்போன் நோண்டுறானாம். நாங்க அனுப்பல. அவன் வாய் அனுப்புச்சு.”

செயலரும் ஆலோசகரும் தலைவர் சிரித்த அளவுக்குச் சிரித்தார்கள்.

கமுக்கம் உட்கார்ந்தாள். அவள் கண்ணுக்கு முன்னால் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அத்தானின் பனியன் முதுகு வந்தது. “சரி சார்,” என்றாள். “தேவைப்படும்போதுன்னே போட்டுடுறேன்.”

அதற்குப் பிறகு அவள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அவளுக்கு இப்போதுதான் பக்குவம் வந்திருக்கிறது என்று தலைவர் செயலரிடம் சொன்னார்.

முதல் பெட்டியை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. “குப்பை மேட்டுக்குப் பக்கத்துல ஒரு குடியிருப்பு இருக்கே, அங்க வைங்க,” என்றார் தலைவர். “தண்ணி வரலைன்னாலும் அங்க யாரும் கேக்க மாட்டாங்க. வந்தாலும் நம்ப மாட்டாங்க.”

யாரும் கேட்காமலே கமுக்கம் வாயைத் திறந்தாள். “சார், அங்க வச்சா எந்தப் பேப்பர்லயும் வராது. நம்ம அதிகாரிகள் குடியிருப்புலயே வச்சா, ஊருக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி தலைவர் தன் வீட்டுக் குழாய்லயே வச்சுப் பாத்தார்னு எழுதுவாங்க.”

தலைவர் முகம் பூத்தது. “தொடருங்க.”

“பழைய பெட்டி பக்கத்துலயே கிடந்தா, நம்பிக்கை இல்லாமத்தான் வச்சிருக்காங்கன்னு யாராவது போட்டோ எடுப்பாங்க. மோட்டாரைக் கையால போடுற சுவிட்ச் ஒண்ணு இருக்கு, அதுவும் அப்படித்தான்.”

“ரெண்டையும் கழட்டி உடைச்சுடுங்க,” என்றார் தலைவர். “இனிமே அந்த மோட்டார் மேல மனுஷன் கை படக் கூடாது.”

அன்று சாயங்காலம் அவள் அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அத்தான் ஒரு போனைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் திருப்புளியைக் கீழே வைத்தார்.

“வேணாம்மா. தண்ணி விஷயம். அந்த வீடுகள்ல பிள்ளைங்க இருக்கும்.”

“பிரசவ ஆஸ்பத்திரியிலயும் பிள்ளைங்க இருந்துச்சு அத்தான். அதுக்காகத்தான் நீங்க ‘ஆம்’ சொன்னீங்க. அவங்க என்ன பண்ணாங்க?”

“அவங்க பண்ணதையே நாமளும் பண்ணணுமா?”

“நான் எதுவும் பண்ணல. வேணாம்னு சொல்லிப் பாத்தேன். அவங்க சொன்னத அப்படியே பண்றேன். அவ்வளவுதான்.”

அத்தான் திருப்புளியை மறுபடி கையில் எடுத்தார். அது வெறும் அவ்வளவுதான் இல்லை என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அடுப்படியில் நின்றுகொண்டிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள்.

“செய்டி,” என்றாள். “நல்லா செய்.”

கமுக்கம் இரண்டு கெர்னல் கட்டினாள். ஒன்று, குழு தீர்மானித்தபடி ஒரு எழுத்துப் பிசகாமல். இன்னொன்று, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ‘ஆம்’ போட்டது. இரண்டாவதைத் தன் மேசையிலிருந்த பெட்டியில் ஏற்றிப் பார்த்தாள். அது பதவிசாகக் கண் விழித்து மோட்டாரைத் தேடியது. பெட்டியை அணைத்து, அந்தக் கெர்னல் இருந்த பென் டிரைவை இழுப்பறையில் பூட்டிவிட்டு, முதலாவதை எடுத்துக்கொண்டு அதிகாரிகள் குடியிருப்புக்குப் போனாள்.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. பழைய பெட்டியையும் கைச் சுவிட்சையும் தலைவரே சுத்தியலால் உடைத்தார். பேப்பர்காரர்கள் படம் எடுத்தார்கள். பிறகு புதுப் பெட்டியின் பொத்தானை அழுத்தினார். சின்னத் திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓடி ஒரு வரியில் வந்து நின்றன. கார்டைப் படிக்க முடியவில்லை, பீதி என்பது அந்த வரி. தலைவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

“நின்னுடுச்சு,” என்றார் பெருமையாக. “எவ்வளவு நிதானம் பாருங்க.”

எல்லோரும் கை தட்டினார்கள். அவர் பேசினார். “ஒரு தவறான முடிவுகூட எடுக்காமக் கட்டப்பட்ட முதல் கெர்னல் இது. ஏன்னா, இதுல நாங்க முடிவே எடுக்கல.” இதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். பேப்பரிலும் அப்படியே வந்தது.

மேல்தொட்டியில் தண்ணீர் இருந்தவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் காலையில், குடியிருப்பின் எல்லா வீட்டிலும் குழாய்கள் ஒரே நேரத்தில் இருமின.

முதலில் யாரும் வெளியே சொல்லவில்லை. சொன்னால் பெட்டி ஓடவில்லை என்று ஒப்புக்கொண்டதாகும். தண்ணீர் லாரியைக் கூப்பிடலாம் என்றார் ஆலோசகர். வாசலில் லாரி வந்து நின்றால் படம் எடுப்பார்கள் என்றார் செயலர். அதனால் அவரவர் காரின் பின்னால் பாட்டில் தண்ணீரை வாங்கிப் போட்டு, மேலே போர்வை மூடி, திருட்டுச் சாமான் கொண்டுவருவது போல் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். குடியிருப்பில் பெரியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். எதிரே வந்தால் கொஞ்சம் தள்ளி நின்றே வணக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

கடைசியில் தலைவர் கமுக்கத்தை அறைக்குக் கூப்பிட்டார்.

“அந்தப் பெட்டிய என்னன்னு பாரும்மா.”

“பாத்துட்டேன் சார். பீதியாகி நிக்குது. கார்டைப் படிக்கிற துண்டுக்கு ‘ஆம்’ போட்டாச் சரியாயிடும்.”

“போட்டுடு.”

“யார் சொன்னதா போடட்டும் சார்?”

தலைவர் ஜன்னலைப் பார்த்தார். “சூழ்நிலை சொன்னதா.”

“சூழ்நிலை குழுவுல உறுப்பினர் இல்லையே சார். முன் அனுமதி இல்லாம ‘ஆம்’ போட்டா நீக்கிடுவீங்க. நீங்கதானே அன்னிக்கு அந்தக் கதையச் சொன்னீங்க.”

அவசரக் கூட்டம் போட்டார்கள். மூவரும் வாசனை ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். மூன்றும் வேறு வேறு வாசனை. கமுக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள்.

“முன் அனுமதி குடுக்கலாம்,” என்றார் செயலர். “ஆனா அனுமதி குடுக்கலாமான்னு கேக்கும்போது, யாராவது குடுக்கலாம்னு சொல்லணும். அதுவும் ஒரு மாதிரி ‘ஆம்’தான். அதுக்கு முன் அனுமதி வேணும்.”

“‘இல்லை என்பதற்கில்லை’ன்னு எழுதினா?” என்றார் ஆலோசகர். தலைவருக்கு அது பிடித்துப் போனது. கமுக்கத்தைப் பார்த்தார்கள்.

“பெட்டிக்கு அந்தச் சொல் தெரியாது சார்.”

“அப்ப இத அடுத்த கூட்டத்துக்கு…” என்று தலைவர் ஆரம்பித்தபோது கதவு திறந்தது. தலைவரின் மனைவி உள்ளே வந்தார். கூந்தலை ஒரு துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். காவலாளி பின்னாலேயே ஓடிவந்து, உள்ளே இருந்த வாசனையில் தயங்கி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன நடக்குது இங்க?” என்று கமுக்கத்தைக் கேட்டார் அந்த அம்மாள். மற்ற மூவரைக் கேட்டுப் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

“சார் ‘ஆம்’னு சொன்னா தண்ணி வந்துடும் மேடம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அந்த அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். “ஏங்க, அந்த ஒரு வார்த்தையச் சொன்னா வாய் வெந்து போயிடுமா? கல்யாணத்தன்னிக்கே நீங்க சொல்லல. பொண்ணப் பிடிச்சிருக்கான்னு எங்கப்பா கேட்டதுக்கு, ஆட்சேபணை இல்லைன்னீங்க. பெரிய இடத்துப் பேச்சுன்னு நெனச்சு ஏமாந்துட்டோம். புள்ளைக்குப் பேர் வைக்கலாமான்னு கேட்டேன். பரிசீலிக்கலாம்னீங்க. அவன் பள்ளிக்கூடம் சேருற வரைக்கும் அவனுக்குப் பேர் இல்ல. எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். குளிக்காம இருக்க என்னால ஆகாது. சொல்லுங்க.”

“இது நடைமுறைப்படி…”

“சொல்லுங்க.”

“கொஞ்சம் வெளிய…”

“தண்ணி வேணுமா வேணாமா?”

“ஆம்,” என்றார் தலைவர்.

தலைவர் தன் வாயையே தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆலோசகர் மேசையைப் பார்த்தார். செயலர் மட்டும் எழுதினார். தேவைக்கு மேலாகவே நிதானமாக எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடியபோது அவர் முகத்தில், நெடுங்காலம் நின்றுகொண்டே பயணம் செய்தவனுக்கு உட்கார இடம் கிடைத்த நிம்மதி தெரிந்தது.

கமுக்கம் இழுப்பறையைத் திறந்து இரண்டாவது கெர்னலை எடுத்துக்கொண்டு போனாள். மதியத்துக்குள் குழாய்கள் பொங்கின. முன் அனுமதியில்லாத ‘ஆம்’ மூலம் வந்ததால் இந்தத் தண்ணீர் வந்ததாகக் கருதப்பட மாட்டாது என்று செயலரும் ஆலோசகரும் குறிப்பு எழுதிக் கையொப்பமிட்டார்கள். எழுதிவிட்டு இருவரும் வீட்டுக்குப் போய் வெகுநேரம் குளித்தார்கள்.

விசாரணை தொடங்கியது. செயலர் தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொறுப்புத் தலைவர் என்று பெயர்ப்பலகை தயாராகியிருந்தது. தலைவர் எதிரே நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

“என் வீட்டம்மாதான் வற்புறுத்தினாங்க. அது என் முடிவு இல்ல,” என்றார் தலைவர்.

“தண்ணி வந்துச்சா வரலையாங்கிறது எல்லைக்குள்ள வராது,” என்றார் செயலர். குரல்கூட அதே குரல். “‘ஆம்’னு சொன்னது யாரு, அதுதான் கேள்வி.”

“நான் எந்தப் பதவியில இருக்கேன்னு…”

“எந்தப் பதவியில் இருந்தாலும்,” என்று ஆலோசகர் மெல்ல எடுத்துக்கொடுத்தார்.

சாட்சியாகக் கமுக்கத்தைக் கூப்பிட்டார்கள். அன்று அறையில் இருந்தவர்களில் குழுவைச் சேராதவர் இரண்டே பேர்தான். அந்த அம்மாளைக் கூப்பிட செயலருக்குத் துணிச்சல் இல்லை.

“இவர் அந்தச் சொல்லைச் சொன்னத நீங்க கேட்டீங்களா?”

தலைவர் அவளைப் பார்த்தார். காதில் சரியாக விழவில்லை என்று அவள் சொன்னால் போதும், பேச்சு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும், அதற்கடுத்ததுக்கும் போகும், அப்படியே அமுங்கிவிடும். அந்தப் பார்வையில் கெஞ்சல்கூட இருந்தது. கேட்டேன் என்று சொல்லவும் அவளால் முடியும். அது பாதுகாப்பான சொல். கமுக்கம் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“ஆம்,” என்றாள். அறையின் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

ஆலோசகர் செயலரின் காதில் குனிந்தார். செயலர் தலையாட்டினார். சாட்சியும் முன் அனுமதியின்றி அதே சொல்லைப் பயன்படுத்தியிருப்பதாகக் குறித்துக்கொண்டார். உத்தரவு தட்டச்சாகி வரும்வரை இருவரையும் வெளியே இருக்கச் சொன்னார்.

வெளியே நடையில் ஒரு மர பெஞ்சு இருந்தது. தலைவர் அதில் உட்கார்ந்தார். கமுக்கம் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றாள். தட்டச்சுச் சத்தம் உள்ளேயிருந்து விட்டுவிட்டுக் கேட்டது.

“உன் வேலையும் போச்சே,” என்றார் தலைவர். “எதுக்கும்மா? என் மேல உனக்கு என்ன கோபம்?”

“செல்போன் நோண்டுறார்னு சொன்னீங்களே சார். அவர் என் அக்கா வீட்டுக்காரர்.”

தலைவர் தன் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அந்த உத்தரவுல நான் கையெழுத்துப் போட்டேன்தான். ஆனா மனசாரப் போடல. அத நீ நம்பணும்.”

“நம்புறேன் சார்,” என்றாள் கமுக்கம். “மனசாரப் போட்டிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்.”

அவர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டார். அவள் உட்காரவில்லை.